காலியாக விடக்கூடாத கட்டங்கள்

அம்பாசமுத்திரம் தாலுகா ஆபீஸ் எதிரே
ஜெராக்ஸ் மிஷினும் நானும் ஒரே வாடகையில் இருக்கிறோம்.
வேட்புமனு நாட்களில் எங்கள் இருவருக்கும் மரியாதை கூடும்.
துண்டுபோட்டவர்கள் வருவார்கள்.
வக்கீல் எழுதித் தந்ததை நீட்டுவார்கள்.
ஏக்கரை அடிப்பேன், பவுனை அடிப்பேன்,
மனைவி பெயரிலிருக்கும் பெட்ரோல் பங்கை அடிப்பேன்.

முப்பிடாதி வந்தது கடைசி நாளுக்கு முந்தின நாள்.
முன்மொழியப் பத்துப் பேர் கூட;
அவர்கள் நுழைந்ததும்
கடை முழுக்கப் பீடித்தூள் நெடி.
"வக்கீல் இல்லையா?"
"இருக்காரு. ஆயிரத்தைந்நூறு கேக்காரு.
நான் சொல்லுதேன், நீங்க அடிங்க."

அசையும் சொத்து:
கையில் ஆறாயிரத்து நானூறு.
அரைப்பவுன் கம்மல், கூட்டுறவு பேங்கில்.
"பேங்குல இருந்தா அசையுமா?"
அசையும் என்றேன்.
"மூணு வருசமா அசையலையே."

அசையாச் சொத்து:
ஓட்டு வீடு, பட்டா செத்துப்போன மாமனார் பெயரில்.
"அப்போ இல்லைன்னு போடுங்க."

நிலுவையிலுள்ள வழக்கு: ஒன்று.
"பஸ்ஸை நிறுத்தினோம்னு கேஸு.
ராத்திரி ஒம்பதேகால் பஸ்ஸை
மொதல்ல நிறுத்தினது டிப்போல்லா?"
அதை அடிக்க வழியில்லை.
பிரிவு எண்ணை மட்டும் அடித்தேன்.

கல்வித் தகுதி என்றபோது
முதல்முறையாகத் தயங்கினாள்.
"ஏழாவது பாஸ். எட்டாவதுல பாதி.
பாதியை எப்படி எழுதுவீங்க?"
பாதிக்குக் கட்டம் இல்லை.

"நூத்திப்பத்து பேரோட பி.எஃப். புஸ்தகம்
எங்கிட்டதான் இருக்கு.
கம்பெனியில இசக்கி, ஆதார்ல எசக்கியம்மாள்.
ஒத்தை எழுத்துக்காகப் பென்ஷன் நின்னவ பதினாறு பேரு.
பதினோரு பேருக்குச் சரி பண்ணிட்டேன்.
அது எந்தக் கட்டத்துல வரும்?"
படிவத்தை மேலிருந்து கீழ்வரை ஒருமுறை,
பொய்க்கு இன்னொருமுறை பார்த்தேன்.

இருபத்திரண்டு வருடத்தில்
எந்த வேட்பாளரிடமும் கேட்காததைக் கேட்டேன்:
ஜெயித்தால் என்ன செய்வீர்கள்?

"மூணாவது மடைக்குப் பலகை.
அஞ்சு வருசமா சாக்குமூட்டைதான் அடைச்சிருக்கு;
பிசானத்துக்கு ராத்திரி முழுக்க ஆள் காவல்.
அப்புறம் ஒரு தராசு."
தராசா?
"கம்பெனி வாசல்ல, அரசாங்கத் தராசு.
எலையில பாதி ஓட்டை, எடையில கொறை,
ஆயிரம் பீடிக்கு நாங்க கடையில எலை வாங்கிச் சேக்கோம்.
அப்புறம் அந்த ஒம்பதேகால் பஸ்ஸு."
பாலம், காலேஜ், தொழிற்பேட்டை?
"அதெல்லாம்தான் மத்தவங்க சொல்லுதாங்கல்லா."

கட்டம் காலியாக இருந்தால் மனு தள்ளுபடி.
முப்பத்தொரு இடத்தில்
'இல்லை' அடித்தேன்.
காப்புத்தொகைப் பத்தாயிரத்தைத்
தூக்குவாளியிலிருந்து கொட்டி எண்ணினார்கள்,
பாதி பத்து ரூபாய் நாணயம்.

இலை வெட்டுகிற கத்தரிக்கோலைத்தான்
சின்னமாகக் கேட்டாள்.
குலுக்கலில் அது ஓர் அரிசி ஆலைக்காரருக்குப் போனது.
இவளுக்கு ஏர்கூலர்.
சித்திரை வெயிலில் தெருத்தெருவாக
ஒரு வீட்டிலும் இல்லாத அந்தப் பெட்டியைக்
கரித்துண்டால் வரைந்து காட்டினாளாம்.

எண்ணி முடித்த பிறகு, மூன்றாவது வாரம்,
செலவுக் கணக்கு அடிக்க வந்தாள்.
நீலச் சாயம் நானூற்றிருபது. ஆட்டோ இரண்டு நாள்.
டீ, வடை, முப்பத்தாறு பேர்.
காப்புத்தொகை போனதைப் பற்றி
இருவரும் பேசவில்லை.
(என் ஓட்டைப் பற்றியும்.
நான் அரிசி ஆலைக்காரருக்குப் போட்டிருந்தேன்,
பழகிய மனிதர்.)

கணக்கை மடித்துப் பைக்குள் வைத்தவள்
"இன்னொண்ணு அடிக்கணும்" என்றாள்.
"மனு. மடைப் பலகை, தராசு, பஸ்ஸு.
பெறுநர்ல ஜெயிச்சவர் பேரைப் போடுங்க."
அனுப்புநர்?
"முப்பிடாதி, கீழமுத்தாலங்குளம்.
வேட்பாளர்னு போடலாம்லா?"

முன்னாள் வேட்பாளர் என்று அடித்தேன்.
திரையை எட்டிப் பார்த்தாள்.
"அந்த முன்னாளை எடுத்துருங்க."